சீரொளியால் விழித்திரைக்கு ஏற்படும் பாதிப்பு

சீரொளியால் விழித்திரைக்கு ஏற்படும் பாதிப்பு என்பது, லேசர் எனப்படும் சீரொளிக் கற்றை கண்ணுக்குள் புகுந்து, கண்ணின் பின்புறத்தில் ஒளியை உணரும் படலமாகிய விழித்திரையில் உண்டாக்கும் புண்ணையும், அதனால் விளையும் பார்வைக் குறைவையும் குறிக்கும். இப்பாதிப்பு ஒரு நொடியின் சிறு பகுதியில் நிகழ்ந்து முடிந்துவிடலாம். விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லாமையால், பாதிக்கப்பட்டவர் வலியால் அதனை அறிவதில்லை. இறந்துபோன ஒளியுணர் உயிரணுக்கள் மீண்டும் தோன்றுவதும் இல்லை. சீரொளி ஆய்வகங்களிலும் மருத்துவமனைகளிலும் மட்டும் இருந்த காலத்தில் இது அரிதாகவே நிகழ்ந்தது. கையடக்கச் சீரொளிச் சுட்டிகள் விளையாட்டுப் பொருள்களாகப் பரவிய பின்னர், சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் இது காணப்படுகின்றது.

கண்ணின் அமைப்பும் சீரொளியின் தன்மையும்

கண்ணுக்குள் வரும் ஒளி முதலில் விழிவெண்படலத்தையும், பின்னர் கண்மணி எனப்படும் துளையையும், விழிவில்லையையும் கடந்து விழித்திரையை அடைகின்றது. விழிவெண்படலமும் வில்லையும் சேர்ந்து ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் குவியத்தொலைவு கொண்ட ஒரு குவிவில்லையைப் போலச் செயல்படுகின்றன. தொலைவில் உள்ள பொருளின் ஒளியை விழித்திரையில் தெளிவான உருவமாகக் குவிப்பதே இவற்றின் பணி. சீரொளி தீங்கு விளைவிப்பதற்கும் இதுவே காரணம் ஆகும்.

மின்விளக்கின் ஒளி எல்லாத் திசைகளிலும் பரவுகின்றது. அதில் மிகச் சிறிய பகுதியே கண்மணிக்குள் நுழைகின்றது. விளக்கு கண்ணுக்கு ஓர் அகன்ற பொருளாகத் தெரிவதால், நுழைந்த ஒளியும் விழித்திரையில் அகன்ற பரப்பில் விழுகின்றது. சீரொளியின் கதிர்களோ ஏறக்குறைய இணையாகச் செல்பவை. இணைகதிர்களை விழிவில்லை ஒரே புள்ளியில் குவித்துவிடும். அப்புள்ளியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 20 மைக்ரோமீட்டர் அளவே இருக்கலாம். இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரிந்திருக்கும் கண்மணி முழுவதும் விழும் கற்றை 20 மைக்ரோமீட்டர் புள்ளியாகக் குவியும்போது, விட்டம் 350 மடங்கு சுருங்குகின்றது. பரப்பளவு ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் சுருங்குகின்றது. ஓரலகுப் பரப்பில் விழும் திறனும் அதே அளவுக்குப் பெருகுகின்றது.

சீரொளிச் சுட்டியின் கற்றை பொதுவாக 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலமே உடையது. நல்ல வெளிச்சத்தில் கண்மணி 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கினாலும், அருகிலிருந்து வரும் கற்றை பெரும்பாலும் முழுவதுமாக உள்ளே நுழைந்துவிடும். ஆகையால் கண்மணி சுருங்குவது இங்கே தக்க பாதுகாப்பு ஆகாது.

கதிரவனுடன் ஓர் ஒப்பீடு

உச்சி வெயிலில் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1 மில்லிவாட்டு திறனுள்ள ஒளி விழுகின்றது. 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிய கண்மணியின் வழியே சுமார் 3 மில்லிவாட்டு கண்ணுக்குள் செல்லும். விழித்திரையில் கதிரவனின் உருவம் ஏறக்குறைய 0.16 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமாக அமையும். இதனைக் கணக்கிட்டால், அவ்வட்டத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 150 மில்லிவாட்டு என்ற அளவு கிடைக்கும்.

வெறும் 1 மில்லிவாட்டு திறனுள்ள சீரொளி 20 மைக்ரோமீட்டர் புள்ளியாகக் குவிந்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3,000 மில்லிவாட்டுக்கும் மேல் ஆகின்றது. இது கதிரவன் உருவத்தின் செறிவைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு ஆகும். எனினும் 1 மில்லிவாட்டுச் சீரொளி கதிரவனைவிட இருபது மடங்கு தீயது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. மிகச் சிறிய புள்ளியில் உண்டாகும் வெப்பம் சுற்றியுள்ள திசுக்களுக்கு விரைவாகப் பரவிவிடும். மேலும், கண் அசைந்துகொண்டே இருப்பதால் புள்ளி ஒரே இடத்தில் நிலைப்பதும் இல்லை. ஆனால் திறன் 100 மில்லிவாட்டாகவோ 1,000 மில்லிவாட்டாகவோ உயரும்போது இந்த இரு காப்புகளும் பயனற்றுப் போகின்றன.

வெறுங்கண்ணால் கதிரவனைப் பார்ப்பதும் விழித்திரையைப் பாதிக்கும். 2019 திசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் வளையச் சூரிய மறைப்பு தெரிந்தபோது, உரிய வடிகட்டி இன்றிப் பார்க்க வேண்டா என்று எச்சரிக்கப்பட்டதன் காரணமும் இதுவே.

பாதிப்பு உண்டாகும் வழிகள்

சீரொளி மூன்று வழிகளில் விழித்திரையைப் பாதிக்கின்றது.

வெப்பப் பாதிப்பு: விழித்திரையின் ஒளியுணர் உயிரணுக்களுக்குப் பின்னால் மெலனின் நிறைந்த நிறமிப் படலம் ஒன்று உள்ளது. சிதறும் ஒளியை உறிஞ்சிக்கொள்வது இதன் பணிகளுள் ஒன்று. சீரொளி இதில் விழும்போது வெப்பம் தோன்றுகின்றது. திசுவின் வெப்பநிலை இயல்பைவிட ஏறத்தாழ 10 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் புரதங்கள் உருக்குலைகின்றன. முட்டையின் வெண்கரு சூட்டில் இறுகி வெள்ளையாவது போன்ற மாற்றம் இது. நிறமிப் படலத்தை ஒட்டியுள்ள ஒளியுணர் உயிரணுக்களும் உடன் அழிகின்றன. பெரும்பாலான சுட்டிப் பாதிப்புகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

ஒளிவேதிப் பாதிப்பு: நீல ஒளி போன்ற குறுகிய அலைநீளங்களில், வெப்பம் மிகுதியாக உண்டாகாத நிலையிலும், பல நொடிகளோ அதற்கு மேலோ தொடர்ந்து ஒளி விழுந்தால் உயிரணுக்களில் தீங்கான வேதிவினைகள் நிகழ்கின்றன. இங்கு மொத்தமாகப் பெறப்பட்ட ஒளியின் அளவே முதன்மையானது. கதிரவனைப் பார்ப்பதால் விளையும் பாதிப்பில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

அதிர்ச்சிப் பாதிப்பு: ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் துடிப்புச் சீரொளிகளில், வெப்பம் பரவுவதற்கு நேரமே இருப்பதில்லை. மெலனின் மணிகளைச் சுற்றிய நீர்மம் திடீரென ஆவியாகி நுண்குமிழிகள் வெடிக்கின்றன. இதனால் விழித்திரை கிழிந்து இரத்தம் கசியவும் கூடும். பச்சை குத்தியதை நீக்கும் கருவிகள் இவ்வகைத் துடிப்புகளைப் பயன்படுத்துகின்றன.

அலைநீளத்தின் பங்கு

எல்லாச் சீரொளியும் விழித்திரையை அடைவதில்லை. ஏறத்தாழ 400 முதல் 1,400 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களே விழித்திரை வரை செல்கின்றன. புறஊதாக் கதிர்களின் பெரும்பகுதியை விழிவெண்படலமும் வில்லையும் உறிஞ்சிவிடுகின்றன. தொழிற்சாலைகளில் வெட்டுவதற்குப் பயன்படும் 10,600 நானோமீட்டர் கார்பன் டைஆக்சைடு சீரொளி, விழிவெண்படலத்தையே சுடுகின்றது.

மனிதக் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 700 நானோமீட்டருடன் நின்றுவிடுகின்றது. ஆயினும் 1,400 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்புக் கதிர்களையும் விழிவில்லை விழித்திரையில் குவிக்கின்றது. கண்ணுக்குத் தெரியாததால் இமை மூடாது, தலையும் திரும்பாது. ஆகையால் 1,064 நானோமீட்டர் சீரொளி ஆய்வகங்களில் மிகுந்த எச்சரிக்கையுடன் கையாளப்படுகின்றது.

கண்ணுக்குத் தெரியும் சீரொளிகளிலும், பளிச்சிடும் அளவைக்கொண்டு தீங்கை மதிப்பிட இயலாது. 532 நானோமீட்டர் பச்சை ஒளியைக் கண் மிகக் கூர்மையாக உணர்கின்றது. அதே திறனுள்ள 650 நானோமீட்டர் சிவப்பும், 445 நானோமீட்டர் நீலமும் மிக மங்கலாகவே தெரியும். மங்கலாகத் தெரியும் நீலக் கற்றை பச்சையைவிடப் பன்மடங்கு திறனுள்ளதாக இருக்கலாம்.

பாதுகாப்பு வகுப்புகள்

கண்ணைக் கூசச்செய்யும் ஒளி பட்டதும் இமை மூடித் தலை திரும்புவதற்கு ஏறத்தாழ கால் நொடி ஆகும் என்று கொள்ளப்படுகின்றது. அக்கால் நொடியில் 7 மில்லிமீட்டர் கண்மணி வழியே சென்றாலும் தீங்கு விளைக்காத திறன் ஏறத்தாழ 1 மில்லிவாட்டு ஆகும். இதனை அடிப்படையாகக் கொண்டு சீரொளிக் கருவிகள் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரத்தின்படி வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முதன்மையானவை:

வகுப்பு 1: இயல்பான பயன்பாட்டில் தீங்கற்றவை. குறுவட்டு இயக்கி போல, திறன் மிக்க சீரொளி பெட்டிக்குள் அடைக்கப்பட்ட கருவிகளும் இதில் அடங்கும்.

வகுப்பு 2: கண்ணுக்குத் தெரியும், 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத சீரொளி. இமைப்பே பாதுகாப்பு. வேண்டுமென்றே உற்றுப் பார்த்தால் தீங்கு நேரலாம்.

வகுப்பு 3ஆர்: கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 5 மில்லிவாட்டு வரை. தற்செயலாக ஒரு கணம் பட்டால் ஆபத்து குறைவு. எனினும் கண்ணில் படாமல் கையாள வேண்டும்.

வகுப்பு 3பி: 500 மில்லிவாட்டு வரை. நேரடியாகவோ கண்ணாடியில் எதிரொளித்தோ பட்டால், இமை மூடுவதற்கு முன்பே புண் உண்டாகலாம்.

வகுப்பு 4: 500 மில்லிவாட்டுக்கு மேல். சுவரில் பட்டுச் சிதறும் ஒளியும் கண்ணுக்குத் தீங்காகலாம்; தோலைச் சுடும்; தாளையும் துணியையும் எரிக்கும்.

சுட்டிகளும் ஒட்டுச்சீட்டுகளும்

வகுப்புகள் தெளிவாக இருந்தாலும், மலிவு விலைச் சுட்டிகளில் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டை நம்ப முடியாது என்பதே நடைமுறைச் சிக்கல். ஐக்கிய அமெரிக்காவில் சுட்டிகளுக்கு 5 மில்லிவாட்டு உச்சவரம்பு உள்ளது. அந்நாட்டின் தேசிய தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 122 சுட்டிகளை அளந்து 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகளின்படி, பச்சைச் சுட்டிகளில் ஏறத்தாழ 90 விழுக்காடும் சிவப்புச் சுட்டிகளில் 44 விழுக்காடும் விதிகளுக்கு உட்படவில்லை.

பச்சைச் சுட்டிகளில் இது மிகுவதற்கு அவற்றின் அமைப்பே காரணம். பெரும்பாலான பச்சைச் சுட்டிகளின் உள்ளே 808 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி முதலில் தோன்றி, ஒரு படிகத்தில் 1,064 நானோமீட்டராக மாறி, மற்றொரு படிகத்தில் அதன் அதிர்வெண் இரட்டிப்பாகி 532 நானோமீட்டர் பச்சையாக வெளிவருகின்றது. மாறாமல் எஞ்சும் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டி தேவை. செலவைக் குறைக்க அது விடப்பட்டால், கண்ணுக்குத் தெரியும் பச்சையுடன் தெரியாத அகச்சிவப்பும் சேர்ந்து வெளியேறும். மங்கலாக எரியும் பச்சைச் சுட்டி பழுதானது என்று எண்ணிச் சிறுவர்கள் அதன் முனைக்குள் உற்றுப் பார்ப்பது, இக்காரணத்தால் மிகவும் ஆபத்தானது.

அறிகுறிகள்

விழித்திரையின் நடுவில் மஞ்சள் புள்ளி எனப்படும் பகுதியும், அதன் நடுவில் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் அகலமுள்ள மையக் குழிவும் உள்ளன. எழுத்துகளைப் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், முகங்களை அடையாளம் காண்பதும் இச்சிறு பகுதியால்தான் இயலும். ஒரு புள்ளியை நேராகப் பார்க்கும்போது அதன் உருவம் விழுவது இங்கேதான். ஆகையால் சீரொளியை உற்றுப் பார்ப்பவர் அதனைத் தம் பார்வையின் மையத்திலேயே குவித்துக்கொள்கிறார். விழித்திரையின் ஓரத்தில் ஏற்படும் சிறு புண் வாழ்நாள் முழுதும் உணரப்படாமல் போகலாம். அதே அளவுள்ள புண் மையக் குழிவில் ஏற்பட்டால் படிக்க இயலாமல் போகலாம்.

பொதுவான அறிகுறிகள்:

பார்க்கும் இடத்தின் நடுவில் கரும்புள்ளி அல்லது மங்கல் தோன்றுதல். நேர்க்கோடுகள் வளைந்தோ நெளிந்தோ தெரிதல். நிறங்கள் வெளிறித் தெரிதல். படிக்கும்போது சொல்லின் நடுவில் ஓர் எழுத்து மறைதல்.

கூசும் ஒளியைப் பார்த்தபின் சில நிமிடங்கள் வரை கண்முன் நிற்கும் நிழலுரு இயல்பானது, கண்ணை அசைத்தால் அதுவும் கூடவே நகரும், பின்னர் மறைந்துவிடும். சில மணி நேரம் கடந்தும் மறையாத புள்ளி இருந்தால் அது பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். ஒரு கண் நன்றாக இருந்தால் மறு கண்ணின் குறையை மூளை மறைத்துவிடும். எனவே ஒவ்வொரு கண்ணாக மூடி, கட்டம்போட்ட கணக்கு நோட்டுத் தாளைப் பார்ப்பது ஓர் எளிய சோதனை ஆகும். கட்டங்கள் வளைந்தோ மறைந்தோ தெரிந்தால் உடனே விழித்திரை மருத்துவரை அணுக வேண்டும். எனினும் கட்டங்கள் நேராகத் தெரிவதால் மட்டும் பாதிப்பு இல்லை என்று உறுதி செய்ய இயலாது. சிறுவர்கள் திட்டுக்கு அஞ்சி நடந்ததை மறைப்பதுண்டு. காரணம் தெரியாமல் மையப் பார்வை குறையும் சிறுவரிடம், சீரொளிச் சுட்டியுடன் விளையாடியதுண்டா என்று கனிவாகக் கேட்டறிதல் நலம்.

கண்டறிதலும் மருத்துவமும்

மருத்துவர் கண்மணியை விரிவாக்கி விழித்திரையை நேரில் காண்பார். ஒளியைக்கொண்டு விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் கருவி, நேரில் புலப்படாத நுண்ணிய சிதைவையும் காட்டிவிடும்.

சீரொளிப் புண்ணை ஆற்றுவதாக ஐயமின்றி மெய்ப்பிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. வீக்கமும் கசிவும் வடிவதால் சிலருக்குச் சில வாரங்களில் பார்வை ஓரளவு மேம்படுகின்றது. சிலருக்கு மஞ்சள் புள்ளியில் துளை விழலாம். அதனை அறுவை மருத்துவத்தால் மூட இயலலாம். சிலருக்குப் பின்னாளில் விழித்திரையின் அடியில் தேவையற்ற இரத்த நாளங்கள் வளரலாம். அவற்றுக்குக் கண்ணுக்குள் ஊசி மருந்து செலுத்தப்படும். ஆகையால் முதலில் பார்வை மேம்பட்டாலும் தொடர் பரிசோதனை தேவை.

பதிவான நிகழ்வுகள்

தியோடர் மைமன் 1960 மே 16 அன்று முதல் சீரொளியை இயக்கினார். அது சிவப்பு நிற ஒளியை உமிழும் கெம்புப் படிகத்தால் ஆனது. அதன் பின் பல ஆண்டுகள் வரை கண் பாதிப்புகள் பெரும்பாலும் ஆய்வகங்களில் ஏற்பட்ட விபத்துகளாகவே இருந்தன.

2008 சூலையில் உருசியாவில் மாசுக்கோவுக்கு அருகே நடைபெற்ற ஒரு திறந்தவெளி இசை விழாவில், வானை நோக்கிச் செலுத்தப்பட வேண்டிய சீரொளி, மழைக்காகக் கூடாரம் போடப்பட்டிருந்ததால் கூட்டத்தினர் மீது விழுந்து பலரின் பார்வையைப் பாதித்தது. 2010 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் ஒருவனின் நிலை மருத்துவ இதழில் வெளியானது. இணையத்தில் வாங்கிய 150 மில்லிவாட்டு பச்சைச் சீரொளியைக் கண்ணாடியின் முன் வைத்து விளையாடியதில் அவனுடைய இரு கண்களும் பாதிக்கப்பட்டன.

இந்தியாவில் விநாயகர் சதுர்த்தி ஊர்வலங்களில் வகுப்பு 4 ஐச் சார்ந்த மேடைச் சீரொளிகள் பயன்படுத்தப்படுவது பெரும் சிக்கலாக எழுந்துள்ளது. மகாராட்டிர மாநிலத்தில் 2023, 2024 ஆம் ஆண்டு ஊர்வலங்களில் இளைஞர்களின் கண்கள் பாதிக்கப்பட்டதாகக் கண் மருத்துவர்கள் தெரிவித்தனர். 2024 இல் புனே காவல்துறை ஊர்வலங்களில் இவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

சென்னையில்

கிழக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் தரையிறங்கும் விமானங்கள், கடற்கரையைக் கடந்து அடையாறு, கிண்டி, பரங்கிமலைப் பகுதிகளை ஒட்டித் தாழ்வாகப் பறந்து ஓடுபாதையை அடைகின்றன. 2025 மே மாதத்தில், துபாயிலிருந்து வந்து தரையிறங்கிக்கொண்டிருந்த விமானம் ஒன்றின் மீது பரங்கிமலைப் பக்கத்திலிருந்து சீரொளி பாய்ச்சப்பட்டது. விமானி விமானத்தைப் பாதுகாப்பாகத் தரையிறக்கினார். அடுத்த மாதமான சூனிலும் இத்தகைய நிகழ்வுகள் பதிவாயின.

இங்கு விளையும் ஆபத்தின் தன்மை வேறு. சீரொளிக் கற்றையும் சிறிது சிறிதாக விரிவதே. திருவான்மியூர் கடற்கரையில் நின்று வடக்கே பெசன்ட் நகர்ப் பக்கமாக ஒரு சாதாரண 5 மில்லிவாட்டுச் சுட்டியைக் காட்டினால், ஒரு கிலோமீட்டர் தொலைவில் கற்றை ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமாகியிருக்கும். அங்கு நிற்பவரின் கண்மணிக்குள் நுழைவது ஒரு மில்லிவாட்டில் நாலாயிரத்தில் ஒரு பங்கு அளவே. விழித்திரையைச் சுட இது போதாது. ஆனால் இருட்டுக்குப் பழகிய விமானியின் கண்ணைக் கூசச்செய்து, தரையிறங்கும் அந்தச் சில நொடிகளில் ஓடுபாதையை மறைக்கப் போதுமானது. அதே சுட்டி ஓர் அறைக்குள் எதிரில் இருப்பவரின் கண்ணில் பட்டால், கற்றை விரியாமல் முழுத் திறனுடன் உள்ளே செல்லும். தொலைவில் இருப்பவருக்குக் கூச்சமும், அருகில் இருப்பவருக்குப் புண்ணும் ஒரே சுட்டியால் விளையக்கூடும்.

கடற்கரைகளிலும் கோயில் திருவிழாக் கடைகளிலும் பேச்சு வழக்கில் லேசர் லைட் எனப்படும் சுட்டிகள் விளையாட்டுப் பொருள்களோடு வைத்து விற்கப்படுவதுண்டு. பொம்மையின் விலையில் கிடைப்பதால் பொம்மை அளவுக்கே தீங்கற்றது என்று கொள்வது தவறு.

மருத்துவப் பயன்பாடு

விழித்திரையைச் சுடும் இதே ஆற்றலே அளவறிந்து பயன்படுத்தப்படும்போது பார்வையைக் காக்கின்றது. நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கு, ஓரப் பகுதியில் நூற்றுக்கணக்கான சிறு புள்ளிகள் சீரொளியால் சுடப்படுகின்றன. இதனால் உயிர்வளித் தேவை குறைந்து, தேவையற்ற இரத்த நாளங்கள் சுருங்குகின்றன. ஓரப் பார்வையில் சிறிது இழந்து மையப் பார்வையைக் காக்கும் முறை இது. 1819 இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, 1978 இல் தொடங்கப்பட்ட சங்கர நேத்ராலயா போன்றவை சென்னையில் விழித்திரை மருத்துவம் அளிக்கும் மருத்துவமனைகள் ஆகும்.

கண்ணாடி அணிவதைத் தவிர்க்கச் செய்யப்படும் லேசிக் சிகிச்சையில் 193 நானோமீட்டர் புறஊதாச் சீரொளி பயன்படுகின்றது. இது விழிவெண்படலத்தின் மேற்பரப்பிலேயே உறிஞ்சப்படுவதால் விழித்திரையை அடைவதில்லை.

தற்காப்பு

சீரொளிச் சுட்டியைச் சிறுவர்களிடம் விளையாட்டுப் பொருளாகக் கொடுக்கக்கூடாது.

யாருடைய முகத்தை நோக்கியும், வண்டிகளையோ விமானங்களையோ நோக்கியும் சீரொளியைக் காட்டக்கூடாது.

நிலைக்கண்ணாடி, சன்னல் கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம் போன்ற பளபளப்பான பரப்புகளில் பாய்ச்சக்கூடாது.

பழைய இறுவட்டு எழுதிகளிலிருந்து சீரொளி இருமுனையங்களைக் கழற்றிச் சுட்டி செய்வதைத் தவிர்க்க வேண்டும். இவை 100 மில்லிவாட்டுக்கும் மேல் திறனுடையனவாக இருக்கலாம்.

வெயிலுக்கு அணியும் குளிர்கண்ணாடி சீரொளியைத் தடுக்காது. ஆய்வகங்களில் அந்தந்த அலைநீளத்துக்கு உரிய காப்புக் கண்ணாடியையே அணிய வேண்டும்.

விழாக்களில் சீரொளி கூட்டத்தினரின் தலைக்கு மேலேயே செல்ல வேண்டும். பார்வையாளர் நிற்கும் தளத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் உயரம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் விதி.

கண்ணில் சீரொளி பட்டபின் பார்வையில் மாற்றம் தெரிந்தால் சொட்டு மருந்து ஊற்றிக் காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சுட்டியையும் உடன் எடுத்துச் சென்றால் அதன் நிறத்தையும் திறனையும் அறிய உதவும்.

சட்டங்கள்

பார்வையை நிலையாகப் பறிக்கும் நோக்குடன் உருவாக்கப்படும் சீரொளிப் படைக்கலங்களைத் தடைசெய்யும் பன்னாட்டு நெறிமுறை 1995 அக்டோபரில் வியன்னாவில் ஏற்கப்பட்டு 1998 சூலையில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் இதனை ஏற்றுள்ளது. போர்க்களத்தில் எதிரியின் கண்ணுக்கும் இழைக்கக்கூடாது என்று நாடுகள் உடன்பட்ட தீங்கு இது என்பது குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்கவும்

சீரொளி
விழித்திரை
மஞ்சள் புள்ளி
நீரிழிவு விழித்திரை நோய்
சூரிய மறைப்பு